ஹ்விடோவ்ரேயின் கொம்புக்காரி

தேவாலயத்திலும் கோயிலிலும் தனித்தனியாகச் சத்தியம் செய்துவிட்டே சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை: 1988 சித்திரையில், டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் ஒரு மாடிவீட்டுச் சுவரில் தொங்கிய படத்திலிருந்து திராட்சை கொட்டத் தொடங்கியது.

அந்த வீட்டில் இரண்டு பேர் வாடகைக்கு இருந்தார்கள். மன்னார் அந்தோனிதாசனுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை; யாழ்ப்பாணத்து மகேந்திரராசாவுக்குப் பாண் சுடும் வெதுப்பகத்தில். படத்தை அந்தோனிதாசன் பழைய சாமான் சந்தையில் வாங்கினார். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழங்காலப் படம். பருத்த பெண்ணொருத்தி பெரிய கொம்பொன்றை அணைத்திருக்க, அதன் வாயால் பழமும் தானியமும் வழிந்தன. தானிய வியாபாரிகள் கொழுத்த காலத்தில், வளத்துக்கு ஒரு பெண்ணுருக் கொடுத்துத் தங்கள் கூடங்களில் மாட்டவென்று செய்வித்தது. இது இருவருக்கும் தெரியாது. அந்தோனிதாசன் யாரோ புனிதை என்று மெழுகுதிரி கொளுத்தினார். மகேந்திரராசா இலட்சுமி என்று கண்ணாடியில் குங்குமம் வைத்தார். இரண்டு பக்கத்து மரியாதையும் ஒன்றாய்க் கிடைத்ததில் படத்திலிருந்தவளின் மனம் இளகிவிட்டது.

ஊரிலுள்ள குடும்பத்தைக் கூப்பிடத் தமிழர் போட்ட விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த காலம் அது. அந்தோனிதாசனின் மனைவி மேரிகிறேஸ் மன்னாரில் காத்திருந்தா. இந்த நேரம் பார்த்து, மேலே ஒரு பொம்பிளை ஒளிந்திருந்து பழம் தின்கிறாள் என்று கீழ்வீட்டு டெனிஷ்காரி பொலிசுக்குச் சொன்னாள். அந்தோனிதாசன் வேறு பொம்பிளையோடு இருக்கிறார் என்று பதிவானால் மேரிகிறேசின் விண்ணப்பம் போச்சு. வந்த பொலிஸ்காரர் அலுமாரிக்குள் எல்லாம் பார்த்துவிட்டு, படத்திலிருப்பவளின் வதிவிட அனுமதியைக் கேட்டார். இரண்டு பேரும் பழம் களவெடுக்கினம் என்று தமிழ் ஆக்களும் கதைத்தார்கள்.

"தாறதைத் தின்னுமன், ஏன் மணந்து பாக்கிறீர்?" என்றார் அந்தோனிதாசன்.

"சும்மா தாறவையிலைதான் அண்ணை எனக்குச் சந்தேகம்," என்றார் மகேந்திரராசா. "கொம்பின்ரை பின்பக்கத்தைப் பாருங்கோ."

பின்பக்கம் ஒரு ஓட்டை. மயிரளவு கோடுகளில் கீறிய மெலிந்த குடியானவர்கள் கூடை கூடையாக அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனியில் மாம்பழம் விழுந்தது. காம்பில் நீல நூல். மாதாவுக்கு நேர்ந்த காய்க்கு மேரிகிறேஸ் கட்டுகிற நூல் அது. அந்தோனிதாசன் மன்னார்ப் பங்குமனைக்குத் தொலைபேசி எடுத்து அவவைக் கூப்பிட்டார்.

"நேர்ந்த காய் ஒண்டும் மரத்திலை இல்லையப்பா," மேரிகிறேஸ் அழுதா. "நான்தான் வித்துத் திண்டனெண்டு ஊர் கதைக்குது."

"மரத்தடியிலை ஆரும் கூடையோடை நிக்கினமோ?"

"ஓம். மெலிஞ்ச வெள்ளைக்காரர் கொஞ்சப்பேர். கேட்டால் வாய் திறக்கினமில்லை."

"நீர் அவையின்ரை கூடைக்குள்ளை ஏறும்."

அடுத்த நாள் கொம்பு புடைத்தது. முதலில் ஒரு செருப்பு விழுந்தது, பிறகு பனங்கட்டிப் பெட்டி, பிறகு மேரிகிறேஸ். உள்ளுக்குச் சரியான நெரிசல் என்றா. அதற்கு அடுத்த வருசம் அனுமதி வந்தபோது அவ குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. படம் இப்பவும் தொங்குகிறது. குடியானவர்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, ஆளுக்கொரு மாம்பழத்தோடு குந்தியிருக்கிறார்கள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

மேரிகிறேசை விமான நிலையத்திலிருந்து காரில் ஏற்றிவந்தது நான்தான்.