பாதி குறைத்துப் பாதி கூட்டிய மஹர்

என் மைத்துனர் அப்துல் வஹாப்புக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. ராயபுரத்திலேயே கணக்கு தெரிந்த ஒரே மனிதர் தாம்தான் என்று நினைப்பு. நூற்றுக்கு இத்தனை என்று சொல்லாவிட்டால் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது. "இன்னிக்கு வெயிலு நூத்துக்குப் பத்து ஜாஸ்தி அண்ணி" என்பார். வெயிலை எந்தப் படியில் அளந்தாரோ.

என் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டதால், மகள் ஜெரினாவின் நிக்காஹ் பொறுப்பு இந்த மேதையின் கைக்குப் போயிற்று. என் நசீபு.

அது நாற்பத்தாறாம் வருஷம். அரிசி கிடைப்பது குதிரைக்கொம்பு. நூற்றறுபது பேர் விருந்துக்குப் பதினாறு படி என்று மண்டிக்காரர் தங்கப்பாண்டியிடம் பேசி வைத்திருந்தோம். சரக்கு வரவில்லை, நூற்றுக்கு ஐம்பது குறைத்துத்தான் தரமுடியும் என்று சொல்லியனுப்பினார். பிறகு வேகன் வந்தது, குறைத்ததற்கு மேல் நூற்றுக்கு ஐம்பது கூட்டித் தருகிறேன் என்றார். அப்துல் வஹாப் தாடியைத் தடவிக்கொண்டே வந்தார். "அம்பது போச்சு, அம்பது வந்துச்சு. சரியாப் பூட்ச்சு அண்ணி, இன்னாத்துக்குப் பேஜாரு?" என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று நானும் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

நிக்காஹ் அன்று காலையில் பிரியாணி ஆக்க வந்த பண்டாரி மதார் சாகிப் அரிசியை அளந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டு படிதான் இருந்தது. எங்களில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவது வழக்கம். அதற்கு சஹன் என்று பேர். "பத்து சஹனுக்கு சோறு இல்லக்கா. நாப்பது பேரு பசியோட போவாங்க" என்றார் பண்டாரி.

பதினாறில் பாதியை எடுத்த தங்கப்பாண்டி, மிச்சமிருந்த எட்டில் பாதியைத்தான் திரும்பப் போட்டிருக்கிறார். இதை அப்துல் வஹாப்பிடம் சொன்னேன்.

"அடுப்பங்கரைக் கணக்கு வேற, ஆபீஸ் கணக்கு வேற அண்ணி. அம்பதுன்னா அம்பதுதான். இந்த ஆளு நாலு படிய அமுக்கிக்கினு பேசறாரு" என்றார்.

மதார் சாகிப் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் கையைப் பிடித்துக் கெஞ்சி நிறுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா காத்தூன் பீவி சீர்த் தட்டுகளோடு வந்து நின்றாள். வண்ணாரப்பேட்டையில் தோல் மண்டி நடத்துகிறவள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"வஹாப் பாய் சொல்றது நாயந்தான்" என்றாள் சிரிக்காமல். "ஒரு சஹன்ல அஞ்சாறு பேரா குந்திக்கிறோம், யாரும் வாயத் தொறக்க மாட்டோம். ஆனா மஹரையும் அதே கணக்குல எழுதிக்கலாம். எட்டு பவுன்ல நூத்துக்கு அம்பது கொறச்சி, அரிசிக்குக் கூட்டுனாப்பல நூத்துக்கு அம்பது கூட்டிக்கலாம். சரிதானே?"

மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் அது. தகப்பனில்லாத என் மகளுக்கு அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

"தாராளமா" என்றார் மேதை. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி, கம்முனு இருங்க."

நிக்காஹ் ஓதி வைக்க வந்த ஹஜ்ரத் பதிவேட்டில் ஆறு பவுன் என்று எழுதினார். அப்துல் வஹாப் அதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சம்பந்தி வீட்டார் முன்னால் தன் கணக்கு தப்பு என்று ஒத்துக்கொள்வாரா? அண்ணன் மகளின் இரண்டு பவுன் போனாலும் ஆபீஸ் கணக்கு தோற்கக் கூடாதாம். தூ, இதுவும் ஒரு ஆண்பிள்ளை.

பெண்ணிடம் சம்மதம் கேட்க, இரண்டு சாட்சிகளோடு அவரேதான் பெண்கள் பக்கம் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "ஜெரினா, ஆறு பவுன் மஹருக்கு சௌக்கத் அலிய நிக்காஹ் பண்ணிக்கச் சம்மதமா?" பெண் தலையைக் குனிந்துகொண்டு "ம்" என்பதுதான் முறை.

"எட்டுன்னா சம்மதம் சாச்சா" என்றாள் ஜெரினா, கூடமெல்லாம் கேட்கும்படி. "ஆறுன்னா, வந்தவங்க சாப்ட்டுட்டுப் போவட்டும்."

காத்தூன் பீவி என் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த வூட்ல ஒருத்திக்காச்சும் கணக்கு தெரியுது" என்றாள். "எட்டுன்னே எழுதச் சொல்லுங்க வஹாப் பாய்."

ஆறை அடித்து எட்டு என்று எழுதும்படி ஹஜ்ரத்திடம் சொல்ல அப்துல் வஹாப்தான் போகவேண்டியிருந்தது. போனார்.