இரண்டு பேர் படுக்கிற தொட்டி

ஷவ்கி மிதந்து போய்க் கடையின் கூரையில் முட்டுவதற்குள் அவர் மனைவி இன்ஸாஃப் எட்டி அவருடைய கணுக்காலைப் பிடித்துவிட்டாள். செருப்பு மட்டும் கழன்று, அடுக்கியிருந்த முகம் கழுவும் தொட்டிகளுக்கு நடுவே விழுந்தது. ஒன்றும் உடையவில்லை.

"ஃபேனை நிறுத்துங்கப்பா! மனுஷன் மேல போறாருல்ல!"

கடைக்காரர் பயூமி நிறுத்தினார். கெய்ரோவின் ஃபக்காலா வீதியில் காலமெல்லாம் குழாயும் தொட்டியும் விற்றுத் தீர்த்தவர். மிதக்கிற வாடிக்கையாளர் அவருக்குப் புதிது, அவ்வளவுதான். தேநீர் சொல்லி அனுப்பிவிட்டு, மேலே இருப்பவருக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டார்.

ஷவ்கி ரயில் நிலையத்தில் ஊரார் பெட்டிகளை எடை போட்டே ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்ற வாரமே அவருடைய கால் தரையை விட்டது. முதலில் ஒரு விரற்கடை, நோன்பு மாதம் முடிவதற்குள் முழங்கால் உயரம், குளிர்காலம் வந்தபோது கூரை. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மாடிப்படி பல்பு மாற்றக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதிலெல்லாம் அவருக்கு வருத்தமில்லை. படுக்கப் போகும்போதுதான் நெஞ்சு கனத்தது. கட்டிலில் அவள், கூரையில் அவர். கை நீட்டினாலும் விரல் எட்டாது. கயிறு கட்டிப் பார்த்தாள். இடுப்பில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். போன கோடையில் கடலில் இறங்கியபோதுதான் தெரிந்தது, தண்ணீருக்குள் அவருக்கும் எல்லாரையும் போல் கனம் உண்டு என்று. கடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, தொட்டி வாங்கலாம் என்று இன்ஸாஃப் முடிவு செய்தாள்.

முதலில் பிளாஸ்டிக் தொட்டி. ஷவ்கி உள்ளே படுத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தொட்டியும் அவரோடு கிளம்பிவிட்டது.

"இறக்குங்க, இறக்குங்க! பறந்து போற சரக்குக்கு நான் உத்தரவாதம் தர்றதில்ல," என்றார் பயூமி.

பிறகு வார்ப்பிரும்பு. ஷவ்கி கதவோரம் அடங்குகிற குட்டைத் தொட்டியைக் காட்டினார். இன்ஸாஃப் கடையிலேயே பெரியதைத் தட்டிப் பார்த்து, இதுதான் என்றாள். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

"சுவரை இடிக்கணுமே!"

"இடிப்போம்."

"மிதக்கிறது நான் ஒருத்தன்தானே? உனக்கு மூட்டு வலி வேற. ஈரத்துல கிடந்து நீ எதுக்குச் சாகணும்? கட்டில்ல நிம்மதியாத் தூங்கு."

"நீங்க வாயை மூடுங்க."

கல்யாண சீசன் அது. அங்கெல்லாம் புது வீட்டின் குளியலறை மாப்பிள்ளை செலவு. இருவர் தொட்டி என்றதும் பயூமி தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை எங்க ஹாஜியம்மா?"

"அதோ, கூரையில."

மறுபக்கம் தரை ஓடு பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது போதும். ஒருத்தி குலவையிட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "நூறு வருஷம் இருங்க!" என்றார்கள். கூரையில் ஷவ்கியின் காது சிவந்தது. குலவை விழுந்த பொருளை வேண்டாமென்று சொன்னால் அந்த வீதியில் அபசகுனம். குட்டைத் தொட்டி அங்கேயே தோற்றது.

சுவரை இடித்தார்கள். நாலு ஆட்கள் கயிறு கட்டி, பால்கனி வழியாகத் தொட்டியை ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் இன்ஸாஃப் வெந்நீர் நிரப்பினாள். ஷவ்கி இறங்கினார், அடிவரை போனார். முதுகுக்குக் கீழே ஒரு பொருள் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று அழுகை வந்தது.

இன்ஸாஃப் கதவைச் சாத்தினாள். "கண்ணை மூடுங்க."

"இந்த வயசுல என்ன வெட்கம்?"

அவர் மூடவில்லை. தூங்கும்போதுகூடக் கழற்றாத மேலங்கியை அவள் கழற்றி நழுவவிட்டாள். அது தொம்மென்று விழுந்து தரை ஓடு ஒன்றைக் கீறியது. கீழ் மடிப்பு முழுக்க மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகள், நெருக்கமாக வைத்துத் தைத்தவை. இன்ஸாஃப் மெல்ல மேலே போனாள். தலை இடிக்காமலிருக்கக் கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டாள். வெகுநாள் பழகிய கை.

ஷவ்கி கையை நீட்டி அந்த ஈய மடிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"ரெண்டு பேரும் மேல போயிட்டா அடுப்பை யாரு பார்க்கிறது? உங்களை யாரு பிடிக்கிறது?"

அவர் முழங்காலை ஒதுக்கி இடம் விட்டார். "வா, தண்ணி ஆறிடும்." பிறகு, "எப்போலேருந்து இப்படி?"

"உங்களுக்கு முன்னாடியே," என்றாள் அவள், சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கியபடி. "நம்ம கல்யாணத்தன்னிக்கு சாயங்காலத்துலேருந்து."