வைக்கோல் மஞ்சள்

எங்கள் கத்திப் பட்டறையில் என் வீட்டுக்காரர் நிறம் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது. மாமனார் காலத்து வழக்கம். எண்ணெயில் தோய்த்து இறுகிய கத்தியைச் சூடான இரும்புத் தகட்டின்மேல் வைப்பார். வைக்கோல் மஞ்சள் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பழுப்பு தட்டினால் கூர் நிற்காது. வாயாடியான நான்கூட சாணையை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்வேன். வாயைத்தான் மூடினேன், கண்ணை இல்லை.

இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்ததும் நச்சரித்து முதலில் அவருடைய வலக்கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வைத்தது நான்தான். அதற்குப் பிறகுதான் பட்டறைக்குத் தலைவலி ஆரம்பித்தது. "என்னக்கா இது, தக்காளியை வெட்டச் சொன்னா நசுக்குது?" என்று சமையல்காரர்கள் கத்திகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இவர் இரும்பு மட்டம் என்று இரும்புக்கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார்.

ஒருநாள் கண்ணில் தூசி விழுந்து வலக்கண்ணைப் பொத்தியவர், தகட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இதுதான் என் மஞ்சள்" என்றார். புரை எதையும் கூடுதல் மஞ்சளாகக் காட்டும்; அந்தக் கண்ணோடு வருஷக்கணக்கில் பழகிய நிறம் அது. தெளிந்த கண்ணுக்கு அதே நிறம் தெரியும்வரை காத்திருந்தால் கத்தி பழுப்பேறிவிடுகிறது.

அன்றிலிருந்து வலக்கண்ணில் துணி கட்டிக்கொண்டார். கத்திகள் பழையபடி வெட்டின. பட்டறையில் சம்மட்டி அடிக்கும் கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "அந்தப் புரைக்கண்ணு அப்படியே இருக்கட்டும் அண்ணி. பட்டறை பொழைக்கணும்ல?"

"உங்கண்ணன் கண்ணு போனா நீ குடுப்பியா?" என்றேன்.

இடக்கண்ணையும் சீக்கிரம் செய்யாவிட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரோ, "அதையும் தெளிய வச்சுட்டா நான் எதை வச்சு நிறம் பாப்பேன்?" என்று பிடிவாதம் பிடித்தார். கட்டிய மனுஷன் கண்ணைப் பறிகொடுத்துச் செய்யும் கத்தியில் பட்டறை முத்திரை குத்த எனக்குக் கை வரவில்லை.

இன்று காலை துணியைக் கட்டிக்கொண்டு தகட்டின்மேல் குனிந்திருந்தார். மஞ்சள் ஏறியது.

"எடுங்க!" என்று கத்தினேன்.

கொழுந்தன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டான். இவர் திரும்பி என்னை முறைத்த முறைப்பில் கத்தி பழுப்பையும் தாண்டி நீலமாகிவிட்டது.

"இப்ப திருப்தியா?"

"இல்ல. துணிய அவுத்துடுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். இனிமே நிறம் நான் சொல்றேன்."

இவர் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு வேறொரு கத்தியைத் தகட்டில் வைத்தார். பக்கத்தில் போய் நின்றேன். இந்தப் பட்டறையில் யாரிடமும் எதையும் கேட்டறியாதவர், "இப்பவா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். அவர் கத்தியைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.