வாசலில் உடைத்த பூசணிக்காய்

வேலுத்தாய் வாயை மூடினால் ராஜபாளையத்துக்கே மழை வரும் என்று அந்தக் கம்பெனியில் கேலி பேசுவார்கள். பேண்டேஜ் துணி வெளுக்கிற கம்பெனி. அங்கே அவள் சத்தம் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கும். மேஸ்திரி சம்பத்குமாரே அவளைக் கண்டால் வேறு பக்கம் நடையைக் கட்டுவார். அப்பேர்ப்பட்டவள் எண்பத்தேழாம் வருஷம் ஆயுத பூசை நெருங்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு திரிந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. ஆறாம் மாசம். கண் பட்டுவிடக் கூடாதே!

கம்பெனியே அவளுக்குக் காவல் நின்றது. தலைச்சுமை வேண்டாமென்று, மடித்த துணியைக் கையில் எடுத்துப்போகிற வேலை கொடுத்தார்கள். கூட வேலை பார்க்கிற மாஜிதா பள்ளிவாசலில் ஓதின தண்ணீரைக் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். முதலாளிக்கோ பயந்த சுபாவம். கொட்டகை வாசலில் யாராவது வழுக்கி விழுந்தால், “தேவுடா!” என்று தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைப்பார். மறுநாள் அதே வாசலில் ஒரு பூசணிக்காய் உடைபடும்.

அந்த வருஷம் நாலைந்து பேர் விழுந்தார்கள். விழாமல் என்ன செய்வார்கள்? துணி அலசுகிற தொட்டியில் கசிவு. துணி வெளுக்கிற காரத்தண்ணீர் வாசல் வழியாக ஓடி, சிமெண்டுத் தரை எண்ணெய் தடவினாற்போலக் கிடந்தது. கண் இருக்கிறவனுக்கெல்லாம் தெரிகிற விஷயம். ஆனால் திருஷ்டிக்கு வைத்தியம் பார்த்தாயிற்று, இனி தொட்டியை யார் பார்ப்பது?

போதாக்குறைக்கு, உடைத்த பூசணிக்காயை ஒருத்தரும் அள்ள மாட்டார்கள். அள்ளுகிறவர் தலையில் திருஷ்டி ஏறிவிடுமாம். மிதிக்கவும் கூடாது, தாண்டவும் கூடாது. அது பாட்டுக்கு வாசலின் காய்ந்த பக்கத்தில் குங்குமமும் சதையுமாகக் கிடந்து அழுகும். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஈரத்தில் இறங்கிச் சுற்றிப் போவார்கள்.

ஆயுத பூசை முடிந்து வேலை தொடங்கின அன்று காலையில் வேலுத்தாய் துணிக்கட்டோடு அந்த வாசலுக்கு வந்தாள். காய்ந்த பக்கத்தை அடைத்துக்கொண்டு பெரிய பூசணிக்காய் சிதறிக் கிடந்தது.

“ஏட்டி வேலு, அதை மிதிச்சிராத! வயித்துப் புள்ளக்காரி, தள்ளிப் போ!” என்று உள்ளேயிருந்து மாஜிதா கத்தினாள்.

ஈரத்தில் இறங்கித் தள்ளித்தான் போனாள். கால் சர்ரென்று இழுத்துக்கொண்டு போனது. துணிக்கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இடுப்பு தரையில் மோதின சத்தம் உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். வேலுத்தாய் அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

“எங்க டாக்டரம்மாட்ட போகணும்” என்று மட்டும் சொன்னாள். அவள் வீடும் டாக்டரம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூர். முதலாளி தன் அம்பாசடரையே எடுத்தார். பின்சீட்டில் மாஜிதாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பஸ்ஸில் வரும்போது முட்டி மோதிக்கொண்டு வந்த பிள்ளை, இப்போது அசையவே இல்லை.

டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். இன்னும் கீழே வைத்தார். மாஜிதாவின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. வேலுத்தாய் டாக்டரம்மா முகத்தையே பார்த்தாள். கடவுளே, ஏதாவது சொல்லேன் தாயே!

“ஓடுதும்மா. தறி ஓடுத மாதிரி ஜோரா ஓடுது” என்றார் டாக்டரம்மா. “இடுப்புலதான் அடி. ஒரு வாரம் படுத்துக் கிட.”

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. அப்போது உடைந்தாள் பாருங்கள் வேலுத்தாய்! ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். தொட்டியைத் திட்டினாள், மேஸ்திரியைத் திட்டினாள், பால்கோவா கிண்டுகிற கடையிலிருந்து கைலியில் பால்கறையோடு ஓடி வந்த புருஷன் இருளப்பசாமியை, “ஏன் இம்புட்டு நேரம்?” என்று திட்டினாள்.

“அல்லாவே, வாய் வந்துருச்சு! இனிப் பயமில்ல” என்று மாஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெளியே நின்ற முதலாளிக்கு அந்தத் திட்டு காதில் விழுந்தபோது நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒரு வாரம் படுத்துக் கிடந்துவிட்டு, இருளப்பசாமி கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தாள். வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அதே இடத்தில் புதுசாக ஒரு பூசணிக்காய்!

“உனக்காகத்தாம்மா உடைச்சேன், முன்னதை விடப் பெரிசு” என்றார் முதலாளி, பெருமையாக.

வேலுத்தாய் நேரே போய் மூலையில் கிடந்த, கொட்டகை கூட்டுகிற வாரியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏட்டி, தொடாத!” மாஜிதா பதறிப்போனாள்.

“விழுந்தே எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலக்கா. கூட்டினா ஆகிருமாக்கும்?” என்று பூசணிக்காயில் வாரியலை வைத்தாள். “மொதலாளி, கண்ணு யாரு வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. தண்ணி எங்கேருந்து வருதுன்னு நல்லாத் தெரியும். அந்தத் தொட்டிதான்!”

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். அவள் கையிலிருந்த வாரியலை வாங்கி, ஒரு துண்டு விடாமல் தானே கூட்டித் தள்ளினார். அவர் தலையில் ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கே தொட்டியின் கசிவை அடைத்தார்கள். அந்த வாரத்துக்குள் வாசலோரம் வாய்க்கால் வெட்டி, வழவழத் தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள்.

அடுத்த வருஷ ஆயுத பூசைக்கு வேலுத்தாய் இடுப்பில் மகளோடு வந்தாள். பூசணிக்காய் இப்போது உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கியது. திருஷ்டிக்குத் திருஷ்டியும் ஆயிற்று, தரையும் பிழைத்தது. கீழே விட்டதும் பிள்ளை வாசல் நிலையைப் பிடித்து எழுந்து நின்றது. சிரித்தது. கையை விட்டது. பொத்தென்று உட்கார்ந்தது.

“தேவுடா!” என்று முதலாளி ஓடினார். மாஜிதா ஓடினாள், மேஸ்திரி ஓடினார்.

வேலுத்தாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தாள். “விடுங்க, எந்திரிப்பா. தரை காஞ்சுதான் கெடக்கு.”