மாற்று ஆள்

மசோதா ஒன்றை விசாரிக்கும் குழுவினர் கூடியிருந்த அறையின் வாயிலில் அமர்ந்து, மாமா சொல்லிக் கொடுத்த இரண்டு வாக்கியங்களை அவள் மனத்துள் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். மயக்க மருந்து நிபுணர்களுக்குப் பற்றாக்குறை இல்லை; மேற்படிப்பு இடங்களைக் கூட்டத் தேவையில்லை.

மாமா அவள் தாயின் தம்பி. மருத்துவர் சங்கத்தின் தலைவர். சொந்த மருத்துவமனை உடையவர். அவளைப் படிக்க வைத்தவரும் அவரே. நகரின் விளிம்பிலுள்ள அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பவள் அவள் ஒருத்திதான். அப்படிப்பட்டவள் வாயாலேயே இச்சொல் வந்தால், இடங்களைக் கூட்டும் அந்த மசோதா படுத்துவிடும் என்பது சங்கத்தின் எண்ணம். அன்று அவளுக்குப் பதிலாக அங்கே ஒருவரை அனுப்புவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

கைப்பேசி அலறியது. மகப்பேறு மருத்துவர்.

"எங்கடி உன் மாற்று ஆள்? நஞ்சுக்கொடி பிரிஞ்சு ரத்தம் கொட்டுது. பொண்ணை மேசைல படுக்க வச்சாச்சு. நான் கத்தியோட நிக்கிறேன், மயக்கம் குடுக்க ஆளில்ல!"

"இன்னும் வரலையா அக்கா? காலையிலயே அனுப்பறேன்னாரே மாமா!"

"அவர் அனுப்பினது வெறும் வாக்கு. அதை ஊசில ஏத்த முடியுமா?"

சன்னலோரம் நின்று சங்கத்தாருடன் சிரித்துக்கொண்டிருந்த மாமாவிடம் ஓடினாள். அவர் தம் மருத்துவமனையை அழைத்தார்.

"ரெண்டு தியேட்டரும் ஓடுதா? ஒருத்தரைக்கூட விட முடியாதா?"

சங்கச் செயலரை அழைத்தார், பொருளாளரை அழைத்தார். எங்கும் ஆளில்லை. "அவசரத்துக்கு அண்டாவுலயும் கை நுழையலையே" என்று சிரிக்க முயன்றார். நெற்றி வியர்த்திருந்தது.

"மாமா, கார் சாவி குடுங்க."

"அஞ்சே நிமிஷம்மா. சொல்லிட்டு ஓடு."

"அவளுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கா?"

"இடத்தைக் கூட்டினா உன்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் மதிப்புக் குறையும். உனக்காகத்தான் இவ்வளவும் பண்றேன்."

சாவி அவர் மூடிய கைக்குள் இருந்தது. அதற்குள் கதவு திறந்தது. சேவகர் அவளை அழைத்தார். அவள் வாயிற்படியிலேயே நின்றாள்.

"பற்றாக்குறை இல்லைன்னு உங்க சங்கம் சொல்லுது. நீங்களும் அதைத்தான் சொல்ல வந்தீங்களா?" என்று குழுத் தலைவி கேட்டார்.

"அம்மா, மன்னிக்கணும். என் ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு உயிருக்குப் போராடிட்டிருக்கா. எனக்குப் பதிலா ஒரே ஒருத்தரை அனுப்ப எங்க தலைவராலயே முடியல. நான் போயாகணும். மிச்சத்தை அவர்கிட்டயே கேளுங்க."

திரும்பி மாமாவின் முன் கையை நீட்டினாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தனர். சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது. படியிறங்குகையில், "உள்ள வாங்க டாக்டர், உட்காருங்க" என்னும் தலைவியின் குரல் கேட்டது.

"அக்கா, மரத்துப்போற ஊசி போட்டு ஆரம்பிச்சுடுங்க, வந்துட்டே இருக்கேன்" என்று வழியெல்லாம் கைப்பேசியில் கத்தினாள்.

தாய் பிழைத்தாள். குழந்தை அழவில்லை.

மாலையில், கழுவிய தரை இன்னும் ஈரமாக இருந்தபோது, பை ஒன்றைத் தோளில் மாட்டியபடி ஒருவர் அறுவை அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உங்க மாமா அனுப்பினாரு. எங்க ஆஸ்பத்திரில கடைசிக் கேஸ் முடிஞ்சப்புறம்தான் விட்டாங்க" என்றவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்: "எந்த மேசை?"