சக்களத்திக்கு ஒரு மெத்தை

"கடை நேரம் போக வேற என்ன பண்ணுவீங்க?"

"பேட்."

"ஓ. டீமெல்லாம் உண்டா?"

"உண்டு. எட்டுப் பேர்."

"பதினொண்ணு இல்லையா?"

"பாடறதுக்கு ரெண்டு பொண்ணுங்க வருவாங்க. அவங்களச் சேர்த்தா பத்து."

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, பெரியவர்கள் கூடத்தில் இருக்க, பால்கனியில் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது இது. மைதானத்தில் பாட்டுக்காரிகளுக்கு என்ன வேலை என்று அவள் யோசித்து முடிப்பதற்குள், அவளுடைய அப்பா, "மாப்பிள்ளை கிரிக்கெட் பிளேயர்" என்று சொந்தபந்தம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது மட்டை இல்லை, குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் டிரம் பேட் என்று. 'அப்படின்னா எனக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்களேன்' என்று கேட்க வாய் வரை வந்தது. உளறிய வெட்கத்தில் விழுங்கிவிட்டாள்.

விழுங்கியது செரிக்கவில்லை. கல்யாணமாகி, அவள் கணக்கு டீச்சராகி, வீட்டிலும் தெருவிலும் 'டீச்சர்' என்றே பெயராகி, மகள் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போன பிறகும் நெஞ்சிலேயே நின்றது. சொந்தப் புருஷனிடம் இதைப் போய் இப்போது எப்படிக் கேட்பது? கேட்க முடியாத ஆசை நாளாக ஆக இளக்காரமாகத் திரிந்துவிட்டது.

இளக்காரம் பண்ணுவதற்கு அவனும் குறை வைக்கவில்லை. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்குக்குப் பிரேம் மாட்டிப் பார்ப்பான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேட்டுக்குப் பணிவிடை தொடங்கிவிடும். முதலில் ஸ்டாண்டின் காலை விரித்து, ஆடுகிறதா என்று உலுக்கிப் பார்ப்பான். பிறகு உறையைக் கழற்றுவான். தூங்குகிற குழந்தைக்குச் சட்டை மாற்றுவது போல அவ்வளவு பதமாக. கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய துணியால் ஒவ்வொரு ரப்பர் கட்டமாகத் துடைப்பான். ஒயர்களை முறுக்கில்லாமல் செருகி, எல்லாம் சரியாக இருந்தால்தான் சுவிட்ச். அந்த ஸ்டாண்டுப் பக்கம் காப்பி டம்ளரோடு யாரும் நடமாடக் கூடாது. டீச்சர் அதற்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருந்தாள்.

"எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை எங்க இருக்குன்னு தெரியாது. சக்களத்திக்குத் தூசு பட்டா மட்டும் மனுஷனுக்குத் தும்மல் வந்துடும்."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த ஹெட்போன். பாட்டு மொத்தமும் அவன் காதுக்குள் போய்விடும். வீட்டுக்கு வருவது ரப்பர் மேல் குச்சி விழுகிற டொக், டொக் மட்டும். காய் நறுக்கினாலாவது கடைசியில் சாப்பாடு மிஞ்சும். இவன் நறுக்கி நறுக்கி என்ன மிஞ்சியது? கல்யாணமான புதிதில் ஒருமுறை கச்சேரிக்குப் போய்ப் பார்த்தாள். எட்டுப் பேர் சேர்ந்து போட்ட சத்தத்தில் எது புருஷன் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. திரும்பி வரும்போது, "இதுல நீங்க எது?" என்று கேட்டாள். அதோடு அவளைக் கச்சேரிக்குக் கூப்பிடுவதை அவன் விட்டுவிட்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பில் அவனுக்குக் கச்சேரி. சாப்பாட்டு மேஜையில் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சோபாவில் மாமியார். அவன் பேட்டை மாட்டி, துடைத்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தட்டினான். உடனே கழற்றினான். மறுபடி போட்டான், தட்டினான், கழற்றினான். பிறகு தன் வலது கையை ஏதோ கடன் வாங்கிய கை போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, என் கை நடுங்குதா பாரு."

"உன் கை எப்ப சும்மா இருந்துது? தட்டு, டம்ளர், என் தலைன்னு ஒண்ணு விடாம தட்டுன கை. அது கெடக்கட்டும். என் முதுகுக்கு வைக்கற குஷன் ஏன்டா இப்படிப் பாதியா இளைச்சுப் போயிருக்கு?"

அவன் அவசரமாகக் குனிந்து ஒயரைச் சரிபார்த்தான்.

"என்ன, சக்களத்தி முறுக்கிக்கிட்டாளா?" என்றாள் டீச்சர், தலை நிமிராமல்.

"ஒரு அடி அடிச்சா ரெண்டா கேக்குது. போன கச்சேரியிலயே கீபோர்டு வாசிக்கறவன் சொன்னான், 'அண்ணே, கை ரெண்டு ரெண்டா விழுது, வயசாச்சுல்ல'ன்னு. நான்தான் நம்பல." குரலில் கோபமே இல்லை. "இன்னைக்கு ஒண்ணு முடிச்சுட்டு விட்டுட வேண்டியதுதான்."

'அப்பாடா, தொல்லை விட்டுது' என்று சொல்ல டீச்சருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. வார்த்தை நாக்கு நுனியில் தயாராகவும் இருந்தது. ஆனால் சிவப்புப் பேனா பாதி வட்டத்தில் நின்றுவிட்டது. இவன் விட்டுவிட்டால், பால்கனியில் விழுங்கியதை இனி யாரிடம் கேட்பது?

"இன்னொரு தடவை அடிங்க."

டொக்.

"ஒண்ணு."

"எனக்கு ரெண்டு கேட்டுது."

"ஒண்ணுங்கறேன். இத்தனை வருஷமா எனக்குன்னு கிடைச்சது இந்த டொக் மட்டுந்தான். அதைக் கூடவா எனக்கு எண்ணத் தெரியாது? மறுபடி."

டொக்.

"ஒண்ணுதான். உங்க கை ஒழுங்கா இருக்கு. உள்ள இருக்கறவதான் பொய் சொல்றா."

பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பேட்டின் ஓரத்தை விரலால் அமுக்கினாள். அமுங்கி, எம்பியது. குனிந்து பார்த்தாள். பேட்டுக்கும் ஸ்டாண்டின் தட்டுக்கும் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சு, ஓரமெல்லாம் அளவாக வெட்டி வைத்திருந்தது.

"இது என்ன?"

"மேடைப் பலகை ரொம்ப அதிருது. கொஞ்சம் மெத்துன்னு இருக்கட்டுமேன்னு..."

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அது என் முதுகு."

"சக்களத்தின்னு நான் விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றாள் டீச்சர். "நீங்க மெத்தையே போட்டுப் படுக்க வச்சிருக்கீங்க. அதுவும் பெத்தவ முதுகுல இருந்து உருவி. மெத்தை மேல வச்சு அடிச்சா துள்ளாதா? முதல் அடி நீங்க அடிக்கறது. அடுத்தது அதுவே துள்ளிப் போட்டுக்கறது. இதுக்குப் போய்க் கை போச்சு, காலம் போச்சுன்னு ஒப்பாரி."

அவன் ஸ்பாஞ்சை உருவி அம்மாவிடம் நீட்டினான். பேட்டைத் தட்டின் மேல் அழுந்த உட்காரவைத்து, திருகுகளை முடுக்கினான். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தட்டு. முகம் மலர்ந்தது.

"ஒண்ணு," என்றான், காதடைத்தவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

"எனக்கு எப்பவும் ஒண்ணுதான்."

அது அவனுக்குக் கேட்கவில்லை. வாசிக்க ஆரம்பித்துவிட்டான். கண் மூடியிருந்தது. கால் கட்டைவிரல் தாளம் போட்டது. எந்தப் பாட்டுக்கோ உதடு லேசாக அசைந்தது. டொக். டொக்டொக். டொக். இவ்வளவு பக்கத்தில் நின்று அவன் வாசிப்பதை டீச்சர் பார்த்ததில்லை. விடைத்தாள்களிடம் திரும்பிப் போக ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து அவன் தலையிலிருந்து ஹெட்போனை உருவினாள்.

அவன் பதறிப்போய்க் கண்ணைத் திறந்தான். "ஏன், ரொம்பச் சத்தமா இருக்கா?"

"சத்தமே இல்ல. அதான் இத்தனை வருஷமாத் தொல்லை."

"என்ன டீச்சர் சொல்ற?"

ஹெட்போனின் ஒயரைப் பேட்டிலிருந்து பிடுங்கினாள். அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரை எடுத்து வந்து அவன் எதிரில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்க."