குண்டூசி எழுத்து

எக்ஸ்ரே பிரிவில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, பதினாறு வருட உத்தியோகத்தில் தானாகச் சம்பாதித்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சிக்கலான படம் என்று வந்துவிட்டால், "மிளகாயைக் கூப்பிடு" என்றுதான் எல்லா டாக்டர்களும் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் தொற்று வார்டிலிருந்து போன் வந்தது. முதல் கட்டில் பஸ் டிரைவர் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாராம். உடம்பு தேறிவிட்டது, பசி எடுக்கிறது, எனக்கு எதற்குக் கடுமையான ஊசி என்று கேட்கிறாராம். வந்த அன்று எடுத்த படத்தையும் நேற்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினால், நோய் கூடியிருப்பதைக் காட்டி மனுஷனைச் சமாதானப்படுத்தலாம் என்றார்கள்.

அவள் இரண்டு படங்களையும் திரையில் போட்டாள். ஒரு கவளம் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

வந்த அன்று எடுத்த படத்தில் டிரைவரின் இடது காறை எலும்பில் ஒரு எஃகுத் தகடு வெள்ளை வெளேரென்று கிடந்தது. எப்போதோ விபத்தில் எலும்பு உடைந்து பொருத்தியது. நேற்றைய படத்தில் நுரையீரலின் அடிப்பக்கம் பஞ்சு மாதிரி வெண்மூட்டம் இருந்தது. தகட்டைக் காணோம். எஃகைக் கரைக்கிற மருந்தை இந்த மருத்துவமனை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அதே அறையில் இரண்டாம் கட்டிலில் இருந்த தையல்காரரின் நேற்றைய படத்தைத் திறந்தாள். நுரையீரல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இடது காறை எலும்பில் எஃகுத் தகடு, ஆறு திருகாணிகளோடு, அவளைப் பார்த்துச் சிரித்தது.

படம் மாறிவிட்டது. குணமான டிரைவருக்கு ஊசி. குணமாகாத தையல்காரர் காலை பத்தரை மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் ஒன்பது நாள் குழந்தை. அவர் உள்ளே இருந்தபோது பிறந்தது. போனில் மட்டுமே பார்த்த பிள்ளை. வார்டு முழுக்க அந்தக் கதை தெரியும்.

டப்பாவைக்கூட மூடாமல் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

பெரிய டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தகட்டை எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று அவள் கேட்டதற்கு, நான் நெஞ்சைத்தானே பார்க்கிறேன், தோளையா பார்க்கிறேன் என்றார். சளிப் பரிசோதனை முடிவு வருவதற்குள் ஏன் அனுப்பினீர்கள் என்றதற்கு, வாசலில் எத்தனை பேர் கட்டிலுக்குக் காத்திருக்கிறார்கள் தெரியுமா என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"பதறாதம்மா. நாளைக்குக் காலையில போன் போட்டு, சும்மா ஒரு செக்கப்புன்னு வரச் சொல்லலாம். படம் எடுக்கும்போது உள்ளே தட்டைப் பிடிச்சது அந்தப் புது நர்ஸ்தானே? அவகிட்ட ஒரு விளக்கம் எழுதி வாங்கிடுவோம்."

"நாளைக்கா? நாளைக்குள்ள அந்த ஆள் குழந்தையை எத்தனை தடவை கொஞ்சுவார்னு உங்க கிட்ட கணக்கு இருக்கா சார்?"

"குரலைக் குறை."

"குறைக்கிறேன் சார். ஆம்புலன்ஸுக்குக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா இந்த ரெண்டு படத்தையும் எடுத்துக்கிட்டு நேரா சுகாதார அலுவலகத்துக்குப் போறேன். அங்க குரலைக் குறைக்கச் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க."

பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது. டிரைவரின் ஊசியை நிறுத்தச் சொல்லி அவர் போனை எடுத்ததைப் பார்த்த பிறகுதான் அவள் அங்கிருந்து நகர்ந்தாள்.

ஆம்புலன்ஸ் தயாராகப் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் புது நர்ஸை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று தொற்று வார்டுக்கு நடந்தாள். தையல்காரர் கொடுத்திருந்த எண்ணுக்கு நடந்துகொண்டே போன் போட்டாள். அது கடை எண். பூட்டிய கடைக்குள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வார்டு வாசலில் யானை நின்றுகொண்டிருந்தது. சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு கை நீண்டிருக்கும். தொற்று உள்ளவர்களை நடைபாதை வழியாகத் தள்ளிக்கொண்டு போனால் வழியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பரவும். அதனால் யானைதான் அவர்களைத் தேடிப் போகும். போன மாதம்வரை அறைக்குள்ளேயே போகும். மிளகாயும் ஒரு நர்ஸும் முழுப் பாதுகாப்பு உடைக்குள் புகுந்துகொண்டு கூடப் போவார்கள். ஒருத்தி நோயாளியைத் தொடுவாள், இன்னொருத்தி இயந்திரத்தை மட்டும் தொடுவாள். நோயாளியின் பெயரைக் கேட்டு, மணிக்கட்டுப் பட்டையைப் படித்துவிட்டுத்தான் மிளகாய் பொத்தானை அழுத்துவாள்.

பிறகு மருத்துவமனை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: பாதுகாப்பு உடை சிக்கனம், படத்துக்கு ஓர் உடைதான். அன்றிலிருந்து யானை கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றது. நர்ஸ் மட்டும் உள்ளே போய், நோயாளியைக் கண்ணாடிக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் படம் விழும் தட்டைப் பிடிப்பாள். மிளகாய் கண்ணாடி வழியாகவே படம் எடுப்பாள். கண்ணாடி கொஞ்சம் கதிரைத் தின்னும். அதற்குத் தக்கபடி கூட்டி வைக்க வேண்டும். நோயாளியின் பெயரும் படத்தோடு சேர்ந்து விழுகிற மாதிரி தட்டில் ஒட்ட ஈய எழுத்துகள் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்று காகிதமும் கிணற்றில் போட்ட கல்.

புது நர்ஸுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"ஏம்மா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? உங்க பேர் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நேத்துதான் மேடம் இந்த வார்டுக்கே வந்தேன். யார் யாருன்னு தெரியாது. தாள்ல இருந்தபடிதான் உட்கார வெச்சேன்."

"எந்தத் தாள்?"

நர்ஸ் கண்ணாடியைக் காட்டினாள். வெளிப்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு கட்டங்கள்: இடது கட்டத்தில் டிரைவரின் பெயர், வலது கட்டத்தில் தையல்காரரின் பெயர். வெளியே நின்று பார்த்தால் சரிதான். டிரைவரின் கட்டில் இடது பக்கம்தான் இருந்தது. அதற்கு நேர் பின்னால், உள்ளே இருப்பவர்கள் படிப்பதற்காக, அதே தாளின் இன்னொரு நகல். அதிலும் இடது கட்டத்தில் டிரைவர்தான். ஆனால் உள்ளே நின்று கண்ணாடியைப் பார்ப்பவளுக்கு இடது பக்கம் இருப்பது தையல்காரரின் கட்டில்.

முதல் படம் டிரைவருக்கு என்று மிளகாய் வெளியே பதிந்தபோது, நர்ஸ் உள்ளே தையல்காரரை நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறாள். அவர் தலையில் தொப்பி, முகத்தில் மூடி, கண்ணாடியில் வெளிச்சம். மிளகாய் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"யார் ஒட்டினது இதை?" என்று கேட்க வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

யார் ஒட்டினது என்று அவளுக்கே தெரியும். உத்தரவு வந்த அன்று கோபம் தலைக்கேறி, தாளை இரண்டு நகல் எடுத்து, வெளியே ஒன்று உள்ளே ஒன்று என்று அறைந்து ஒட்டியவள் அவள்தான். "இனிமே சினிமா மாதிரி கண்ணாடி வழியா பார்த்துக்குங்க" என்று கத்திக்கொண்டே ஒட்டினாள். பழைய நர்ஸுக்கு ஆட்களைத் தெரியும். தாளைப் பார்த்ததே இல்லை. அதனால் ஒரு மாதம் தப்பு தூங்கிக் கிடந்தது.

நர்ஸிடம் பிழைப் பதிவேட்டை வாங்கி, நடந்ததை நான்கு வரியில் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். ஆம்புலன்ஸ் ஒலித்தது.

தையல்காரரின் வீடு ஒரு குறுகிய தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தது. முழு உடை மாட்டிக்கொண்டு ஏறினாள். இரண்டாம் மாடியிலேயே சண்டைச் சத்தம் கேட்டது. மேலே படிக்கட்டு முனையில் தையல்காரர் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே கதவு ஒரு சாண் மட்டும் திறந்து, சங்கிலி போட்டிருந்தது. இடுக்கில் ஒரு கண்ணும் அரை முகமும். அது மனைவி.

மிளகாயைப் பார்த்ததும் தையல்காரர் எழுந்தார். கையில் மருத்துவமனைக் காகிதம்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். ஒரு மணி நேரத்துக்கு மேல வாசல்லயே நிக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்லேன்னு பெரிய டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார். இவ உள்ள விட மாட்டேங்கறா. நீங்களே சொல்லுங்க."

"மாடி ஏறும்போது இருமினார்," என்றாள் மனைவி இடுக்கு வழியாக. "ஒன்றரை மாசம் முன்னாடி எப்படி இருமினாரோ அதே இருமல். பதினோரு வருஷமா இவர் பக்கத்துல படுக்கிறவ நான். காகிதத்துக்குக் கையெழுத்துப் போட டாக்டர் இருக்கார், இந்த இருமலுக்கு யார் கையெழுத்துப் போடுவா?"

"சொல்லுங்க மேடம்," என்றார் அவர். "நேத்து நீங்கதானே படம் எடுத்தீங்க?"

மூடிக்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வழியெல்லாம் பக்குவமாகச் சொல்ல வார்த்தை தேடியிருந்தாள். ஒன்றும் கைக்கு வரவில்லை.

"நான்தான் எடுத்தேன். ஆனா அந்தக் காகிதத்துல இருக்கிறது உங்க படம் இல்ல. பக்கத்துக் கட்டில்காரரோடது. உங்களுக்கு இன்னும் சரியாகல. உங்க மனைவி சொல்றதுதான் சரி. தப்பு என்னோடது."

உள்ளே குழந்தை முனகியது. தையல்காரர் காகிதத்தைப் பார்த்தார். நான்காக மடித்தார். பிறகு, மடித்ததைக் கசக்கி அவள் காலடியில் எறிந்தார்.

"இவ மட்டும் கதவைத் திறந்திருந்தா?"

அவள் குனிந்து காகிதத்தை எடுத்துக்கொண்டாள்.

"ஒன்பது நாளா அந்தப் புள்ளையைத் தூக்க ரெண்டு கையும் துடிக்குது மேடம். உள்ள போனதும் முதல்ல முகத்தோட முகம் வெக்கணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். கதவைத் திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அதைச் சொல்லிட்டு அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"புள்ளைக்கு வந்திருக்கும்," என்றாள் அவள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். கதவுச் சங்கிலி குலுங்கியது.

"அக்கா," என்றாள் மனைவி. "தப்பு உங்களுதுன்னு சொல்ல நேர்ல வந்தீங்க. மத்தவங்க வரல. ஆனா அதுக்காக உங்களை நான் கும்பிட மாட்டேன்."

"வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டு மிளகாய் இறங்கினாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் கண்ணாடியின் இரண்டு பக்கத் தாள்களையும் கிழித்தெறிந்தாள். அலமாரியிலிருந்து இரண்டு உடைகளை எடுத்தாள். உடைக் கணக்கு கேட்க வந்த கண்காணிப்பாளர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வேலை நினைவுக்கு வந்தவர்போல் திரும்பிப் போனார். யானை உள்ளே போனது. புது நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

கட்டிலில் தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டாள். அவர் வலது தோளை மட்டும் அவள் பக்கம் திருப்பினார்.

தையல்காரர்களின் சட்டைப் பட்டியில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் செருகியிருக்கும். இவர் சட்டையில் ஒரு வரிசையே இருந்திருக்கும் போலிருக்கிறது. அத்தனையையும் எடுத்து, மருத்துவமனை அங்கியின் தோளில், தையல் பிசகாத கையால், தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்தி வைத்திருந்தார்.

படம் எடுக்கும்போது உடம்பில் ஓர் உலோகத் துணுக்குகூட இருக்கக் கூடாது, படத்தில் வெள்ளையாக விழும். சங்கிலிக்கும் ஊக்குக்கும் அவள் எத்தனையோ பேர்மேல் கத்தியிருக்கிறாள். அவர் அதற்குத்தான் காத்திருந்தார். கத்தட்டும் பார்க்கலாம் என்று கண்ணில் எழுதியிருந்தது.

குண்டூசிகளின் நிழல் நுரையீரல்மேல் விழாதபடி அங்கியை ஒரு விரற்கடை மேலே இழுத்துவிட்டாள். மணிக்கட்டுப் பட்டையைப் படித்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

அவளை முறைத்தபடியே இழுத்துப் பிடித்தார்.

ஐந்து மணிக்குப் பெரிய டாக்டர் போனில் கூப்பிட்டார். அடிப்பக்கம் மூட்டம் தெளிவாகத் தெரிகிறது, மருந்தைத் தொடரலாம் என்றார். பிறகு குரலில் கொஞ்சம் பழைய அதிகாரம் வந்தது.

"தோள்ல என்னம்மா குண்டூசி? எடுக்கச் சொல்லத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். அது இருக்கட்டும். யார் படம்னு இந்த ஆஸ்பத்திரியில உறுதியாச் சொல்றது அது ஒண்ணுதான்."

அவள் போனை வைத்துவிட்டு, மத்தியானம் திறந்து வைத்த சாப்பாட்டு டப்பாவை இழுத்தாள். சோறு காய்ந்து விறைத்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு, ஈய எழுத்து கேட்டு நான்காவது காகிதத்தை எழுத உட்கார்ந்தாள்.